திண்டுக்கல் பூட்டும் ஆசாரியின் விரல் நுனியும்

திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கையால் செய்யப்படும் லீவர் பூட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு என்று பெயர். 2019 ஆகஸ்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடி கண்டாங்கிச் சேலையும் இதே மாவட்டத்துப் பழனி பஞ்சாமிர்தமும் அதே ஆண்டில் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. பூட்டைக் கைவினைப் பொருளாக மட்டும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் கல்விப்புலத்தில் தனித்தனியாக வளர்ந்த மூன்று துறைகளின் கேள்விகள் இதில் வந்து கூடுகின்றன. ஒரு தொழிலறிவு தலைமுறை தாண்டி எப்படிக் கைமாறுகிறது என்று மரபுச் செல்வ ஆய்வு கேட்கிறது. எந்தப் பூட்டு யாரை எவ்வளவு நேரம் தடுத்து நிறுத்தும் என்று பாதுகாப்புப் பொறியியல் கேட்கிறது. கண்ணுக்குப் புலப்படாத வேறுபாட்டை ஓர் ஆசாரியின் விரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று மூளை அறிவியல் கேட்கிறது. இதில் ஏதேனும் ஒன்றை விட்டுவிட்டால் திண்டுக்கல் பூட்டு அரைகுறையாகத்தான் விளங்கும்.

திண்டுக்கல் நகரை ஒட்டி எழும் பெரும்பாறையின் மேல் 1605இல் மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டினார். 1755இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி இங்கே தலைமைப் பொறுப்பேற்று வந்தார். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு பீரங்கிப் படைக்கான ஆயுதப் பட்டறை ஒன்றையும் அமைத்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி ஊரும் கோட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பீரங்கிப் பட்டறையிலிருந்து பூட்டுப் பட்டறை பிறந்தது என்று எழுதிவிட ஆசை வரும், எழுதக் கூடாது. பூட்டுத் தொழில் வேரூன்றியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். ஆனால் இரும்போடு பழகிய ஊர் என்பதில் ஐயமில்லை.

திண்டுக்கல்லின் நாகல் நகர் போன்ற பகுதிகளில் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகளாகவே இந்தத் தொழில் வளர்ந்தது. பெரிய ஆலை, நீண்ட கூடம், வரிசை வரிசையான இயந்திரங்கள் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஒரு வைஸ், சில அரங்கள், சுத்தியல், உளி, துளை போடும் கருவி, உட்கார ஒரு பலகை இருந்தால் வேலை ஓடும். மாம்பழ வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு இவ்வூரின் அடையாளம். திறக்கும்போது ஓசை எழுப்பும் மணிப் பூட்டு, சதுரப் பூட்டு, அலமாரிப் பூட்டு, கடைகளுக்கான ஷட்டர் பூட்டு, சாவித் துவாரத்தையே மறைத்து வைக்கும் தந்திரப் பூட்டு என்று வகைகள் பல. கோயில் உண்டியல், தானியக் கிடங்கு, கடைப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சொல்லிச் செய்து வாங்கிய காலம் உண்டு.

லீவர் பூட்டைத் திறந்து உள்ளே பார்த்தால் மெல்லிய தகடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகடும் ஒரு முனையில் ஓர் அச்சில் மாட்டப்பட்டு மேலும் கீழும் அசையும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறு வில் அழுத்திக்கொண்டிருக்கும். தகட்டின் நடுவில் வெட்டுவாய் ஒன்று உண்டு. பூட்டின் நாக்கில் ஒரு முளை துருத்திக்கொண்டு நிற்கும். எல்லாத் தகடுகளின் வெட்டுவாயும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் அந்த முளை உள்ளே நுழைய முடியும், நாக்கு பின்வாங்கும், பூட்டு திறக்கும். சாவியின் பற்கள் ஏற்ற இறக்கமாக இருப்பது இதற்காகத்தான். முதல் பல் முதல் தகட்டை இவ்வளவு தூக்க வேண்டும், இரண்டாம் பல் இரண்டாம் தகட்டை அவ்வளவு தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் வழி அடைபடும். கூடுதலாகத் தூக்கினாலும் அடைபடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் சொன்னதுதான் லீவர் பூட்டின் உயிர்நாடி. அதற்கு முந்தைய பூட்டுகளில் தடுப்பைத் தூக்கிவிட்டால் போதும், எவ்வளவு தூக்கினாலும் சரி. கூடுதலாகத் தூக்கினாலும் பூட்டு மறுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் காப்புரிமை பெற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார். கணக்கும் எளியது. ஒரு தகட்டுக்கு 5 வேறு உயரங்கள் சாத்தியம் என்று வைத்துக்கொண்டால், 6 தகடுள்ள பூட்டுக்கு 15,625 வேறுபட்ட சாவிகள் அமையலாம். 8 தகடானால் 3,90,625. அடுத்தடுத்த பற்களுக்கிடையே மிகப் பெரிய ஏற்ற இறக்கம் இருந்தால் சாவி வலுவிழக்கும் என்பதால் நடைமுறையில் இந்த எண்ணிக்கை குறையும். ஆனாலும் ஒரு தகடு கூடினால் சாவிகளின் எண்ணிக்கை எத்தனை மடங்கு ஏறுகிறது என்பதை இது காட்டும்.

ஆலையில் வார்க்கும் பூட்டுகளுக்கு உற்பத்தியாளர் ஒரு சாவிப் பட்டியல் வைத்திருப்பார். பட்டியல் சிறியதானால் ஒரு தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே சாவி பொருந்திவிடக்கூடும். திண்டுக்கல் பட்டறையில் அப்படிப் பட்டியல் கிடையாது. ஆசாரி ஒரு சாவியை வெட்டுகிறார். அந்தச் சாவிக்குத் தக்கபடி ஒவ்வொரு தகட்டின் வெட்டுவாயையும் ராவிப் பொருத்துகிறார். சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கிறார்; எந்தத் தகடு இடிக்கிறது என்று கண்டு அதை மட்டும் வெளியே எடுத்து அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து மீண்டும் மாட்டுகிறார். இப்படிப் பலமுறை நடக்கும். அந்தப் பூட்டு அந்தச் சாவிக்கு மட்டுமே உடன்படும் பொருளாக ஆகிறது. ஒரே ஆசாரி ஒரே நாளில் செய்த இரண்டு பூட்டுகள்கூட உள்ளே ஒன்றுபோல் இருக்காது.

கையால் செய்தது என்பதாலேயே ஒரு பூட்டு பாதுகாப்பானது ஆகிவிடுமா? பாதுகாப்புப் பொறியியல் இதற்கு உணர்ச்சிவசப்படாமல் பதில் சொல்கிறது. 1817இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல்துறையில் கள்ளச் சாவி போட்டுத் திருட்டு நடந்தது. கள்ளச் சாவிக்கு மசியாத பூட்டுக்காக அரசு போட்டி வைத்தது. 1818இல் ஜெரமையா சப் ஒரு புதிய பூட்டைக் காட்டினார். யாராவது தகட்டை அளவுக்கு மீறித் தூக்கினால் ஓர் உறுப்பு சிக்கிக்கொள்ளும். பிறகு உரிய சாவியும் உடனே திறக்காது. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். முப்பதாண்டுக்கு மேல் அது வெல்ல முடியாத பூட்டாகக் கருதப்பட்டது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியை ஒட்டி அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் அதை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். அதுவரை எவரும் திறக்காத பிராமா என்ற இன்னொரு பூட்டையும் 16 நாள்களில், மொத்தம் 51 மணி நேர உழைப்பில் திறந்தார்.

ஹாப்ஸ் பயன்படுத்திய பலவீனம் இன்றும் பல பூட்டுகளில் இருக்கிறது. நாக்கை லேசாக அழுத்தித் திருப்பினால், முளை எல்லாத் தகடுகளையும் ஒரே நேரத்தில் தொடாது. மிக நுண்ணிய அளவில் ஏதோ ஒரு தகடு முந்திக்கொண்டு தொடும். அந்தத் தகடு மட்டும் இறுகும். கம்பியால் அதைத் தொட்டுக் கண்டு, சரியான உயரத்துக்குத் தூக்கினால் அடுத்த தகடு இறுகும். ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போகலாம். 15,625 சாவிகளையும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆறு தகடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தால் போதும். பூட்டில் தகடுகளின் பொருத்தம் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்கு இந்த வேலை கடினம். ஆசாரியின் அரம் எவ்வளவு துல்லியம் என்பது அழகு சார்ந்த விஷயமல்ல என்பது இங்கேதான் தெரிகிறது. கை நடுங்கிய இடத்தில் திருடனுக்கு வழி கிடைக்கிறது.

தந்திரப் பூட்டுகளுக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். சாவித் துவாரம் ஒரு பித்தளைக் குமிழுக்குப் பின்னால் மறைந்திருப்பதும், சாவியை முதலில் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருப்பதும் புதிதாக வந்தவரைத் திகைக்க வைக்கும். ஆனால் ரகசியம் வெளியே தெரிந்துவிட்ட பிறகும் தாங்குவதுதான் உறுதியான பாதுகாப்பு என்பதை 1883இல் அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் ராணுவ ரகசியக் குறியீடுகளைப் பற்றிய கட்டுரையில் எடுத்துச் சொன்னார். கணினிக் குறியாக்கம் இன்று அந்த நெறியின் மேல் நிற்கிறது. தந்திரம் கூடுதல் காவல். தகடுகளின் பொருத்தம்தான் அடிப்படைக் காவல். மணிப் பூட்டின் ஓசை வேறு வகை: அது தடுப்பதில்லை, அறிவிக்கிறது. எச்சரிக்கை மணி என்ற பாதுகாப்புக் கொள்கையை எந்த மின்சாரமும் இல்லாமல் ஊர் ஆசாரி இரும்பில் செய்து வைத்தார் என்பது போற்றத்தக்கது.

திறப்பதற்குப் பதிலாக உடைப்பவரும் உண்டு. வளைவுக் கம்பியை அறுப்பது, வெட்டுவது, நெம்புவது, துளையிடுவது என்று வழிகள் பல. இவற்றை அளக்க ஐரோப்பாவில் ஈஎன் 12320 என்ற தரநிலை தொங்கு பூட்டுகளை 6 நிலைகளாகப் பிரிக்கிறது. இழுவிசை, வெட்டு, ரம்பம், துளை, துரு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை. இந்தியாவிலும் தொங்கு பூட்டுக்கு ஐஎஸ் 275 என்ற தரநிலை இருக்கிறது. கைப்பூட்டுக்கு இத்தகைய சோதனை அவமானமல்ல. எந்த வகை மாங்காய்ப் பூட்டு எந்த அளவு விசையைத் தாங்கும் என்று அச்சிட்டுக் கொடுத்தால், விலை மலிவான ஆலைப் பூட்டோடு ஒப்பிட வாங்குபவருக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும். புவிசார் குறியீடு பூட்டின் ஊரைச் சொல்லும்; உறுதியைச் சொல்லாது.

பாதுகாப்புப் பொறியியலின் இன்னொரு பாதி, அடைபட்டவர் வெளியே வருவது பற்றியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், எந்த வடிவிலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அவசர வழிக் கதவு உள்ளிருப்பவருக்குச் சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது. பூட்டு செய்யத் தெரிந்த ஊர், பூட்டக் கூடாத இடத்தையும் பேச வேண்டும்.

இனி விரலுக்கு வரலாம். உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் ஏறத்தாழ 17,000 தொடுவுணர்வு நரம்பிழைகள் இருக்கின்றன என்று 1979இல் சுவீடன் ஆய்வாளர்கள் ரோலண்ட் யோஹான்சனும் ஓகே வால்போவும் கணக்கிட்டார்கள். இவை நான்கு வகை. சில, தோல் அழுந்தும் வடிவத்தைச் சொல்லும். சில, வழுக்குவதைச் சொல்லும். சில, தோல் இழுபடுவதைச் சொல்லும். பசீனியன் எனப்படும் வகை, கண்ணுக்குத் தெரியாத அதிர்வைச் சொல்லும். 2013இல் ஸ்டாக்ஹோமில் நடந்த சோதனையில், விரலை இழுத்துத் தடவும்போது 13 நானோமீட்டர் உயரமே உள்ள வரிகளையும் வழவழப்பான பரப்பையும் மனிதர்கள் வேறுபடுத்திச் சொன்னார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு.

ஆனால் ஆசாரி தகட்டை விரலால் மட்டும் தொடுவதில்லை. சாவி வழியாகவும் அரத்தின் வழியாகவும் தொடுகிறார். ஒரு கோலைக் கையில் பிடித்திருப்பவர், அந்தக் கோலின் எந்த இடத்தில் பொருள் பட்டது என்பதைத் தம் உடம்பில் பட்டதுபோலவே துல்லியமாகச் சொல்கிறார் என்று 2018இல் லூக் மில்லர் குழுவினர் நேச்சர் இதழில் காட்டினார்கள். கோலில் பட்ட இடத்தைப் பொறுத்து அதிர்வு வேறுபடுகிறது. கை அதைப் படித்துவிடுகிறது. மூன்றாவது தகடு இடிக்கிறது, நான்காவது இல்லை என்று சாவியைத் திருப்பியதும் ஆசாரி சொல்வதில் மாயம் ஏதும் இல்லை. சாவி அவருடைய உணர்வுறுப்பின் நீட்சியாக வேலை செய்கிறது. ஹாப்ஸ் செய்ததும் இதே வேலைதான். பூட்டைப் பொருத்துபவரும் அதைத் திருட்டுத்தனமாகத் திறப்பவரும் ஒரே உணர்வை எதிரெதிர் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கைத்திறன் மூளையில் எங்கே தங்குகிறது? பேச்சால் சொல்லக்கூடிய நினைவும் கையால் செய்யும் திறனும் ஒரே இடத்தில் இல்லை என்பதை அறிவியலுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953இல் நடந்த அறுவையில் அவருடைய மூளையின் இரு பக்கங்களிலும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைக்க அவரால் முடியவில்லை. பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தின் மேல் கோடு வரைய வேண்டும். மூன்று நாளில் அவர் கை தேர்ச்சி பெற்றுவிட்டது. இதை முன்பு செய்திருக்கிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. கைத்திறன் மூளையின் அடித்தள முடிச்சுகள், சிறுமூளை, இயக்கப் புறணி ஆகியவற்றின் கூட்டுவேலையால் உருவாகிறது. எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் ஆசாரி சொல்லத் தடுமாறுவதும், அரத்தைக் கையில் கொடுத்ததும் செய்து காட்டுவதும் இதனால்தான். மறைக்கிறார் என்று எண்ணுவது தவறு. அந்த அறிவு சொல் வடிவில் அவரிடமே இல்லை.

பழக்கம் மூளையையே மாற்றுகிறது. 1995இல் தாமஸ் எல்பர்ட் குழுவினர் வயலின் போன்ற நரம்பிசைக் கருவி வாசிப்பவர்களை ஆராய்ந்தார்கள். தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்கான மூளைப் பகுதி மற்றவர்களைவிட விரிந்திருந்தது. இளம் வயதிலேயே தொடங்கியவர்களிடம் இன்னும் விரிந்திருந்தது. இதைக் காட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பட்டறையில் உட்கார வைப்பதற்கு நியாயம் தேடக் கூடாது. 2004இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், பெரியவர்கள் மூன்று மாதம் பந்து எறிந்து பிடிக்கும் வித்தையைக் கற்றபோதும் மூளையின் சாம்பல் பொருள் சில இடங்களில் கூடியது. வளர்ந்தவரும் கற்கலாம். அதே ஆய்வின் இன்னொரு முடிவு கவலை தருவது: பயிற்சியை நிறுத்திய மூன்று மாதத்தில் அந்தப் பெருக்கம் குறையத் தொடங்கியது. ஆர்டர் இல்லாமல் சும்மா கிடக்கும் பட்டறையில் கருவி மட்டும் துருப்பிடிப்பதில்லை.

அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகள் விலையில் மலிவானவை. அவற்றோடு கைப்பூட்டு விலையில் போட்டியிட முடியாது. கூலி குறைவு என்பதால் அடுத்த தலைமுறை நூற்பாலைக்கும் கடைகளுக்கும் வேறு ஊர்களுக்கும் போகிறது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மரபுச் செல்வ ஆய்வு இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கற்றுத் தருகிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பெயரைக் காக்கிறது: வேறு ஊரில் செய்த பூட்டைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்க முடியாது. செய்முறையை அது காப்பதில்லை. செய்முறையைப் பற்றிப் பேசுவது 2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை; இந்தியா 2005இல் அதை ஏற்றது. பஞ்சாபின் ஜண்டியாலா குரு ஊரில் பித்தளை, செம்புப் பாத்திரம் அடிக்கும் தட்டேரா சமூகத்தின் கைத்தொழில் 2014இல் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பட்டியலில் ஏறியது பாத்திரம் அல்ல, அதை அடிக்கும் கையறிவு. உலோகக் கைத்தொழில் ஒன்று அந்த வரிசையில் இடம்பெற முடியும் என்பதற்கு அது முன்னுதாரணம்.

அப்படி ஒரு முயற்சி திண்டுக்கல்லில் நடந்தால் பூட்டைப் படம் எடுத்து அருங்காட்சியகத்தில் வைப்பதோடு நிற்கக் கூடாது. கை பதிவாக வேண்டும். அரத்தின் கோணம், ஓர் இழுப்பின் அழுத்தம், எத்தனை இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திச் சாவியைப் போட்டுப் பார்க்கிறார், எந்த ஓசை கேட்டதும் நிறுத்துகிறார் என்பவற்றை அருகிலிருந்து எடுத்த ஒளிப்பதிவும் விசை உணரியும் பிடித்துவைக்கும். தேர்ந்த ஆசாரியின் பதிவையும் புதிதாகக் கற்பவரின் பதிவையும் ஒப்பிட்டால் எங்கே வேறுபாடு என்று தெரியும். பயிற்சி எதில் தொடங்க வேண்டும் என்றும் தெரியும். முடிந்த பூட்டைச் சோதனைக் கூடத்தில் வைத்து அதன் தாங்குதிறனை அளந்தால், எந்தக் கைப்பழக்கம் எந்த உறுதியைத் தருகிறது என்று இணைத்துப் பார்க்கலாம். இதற்கான ஆள்களும் இடமும் தொலைவில் இல்லை. திண்டுக்கல்லுக்கு அருகிலேயே, 1956இல் தொடங்கி 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான காந்திகிராம கிராமிய நிறுவனம் இருக்கிறது. ஊரக வாழ்வையும் தொழிலையும் படிப்பின் மையத்தில் வைக்கும் நோக்கத்தோடு பிறந்தது அது. பொறியியல் கல்லூரிகளும் இம்மாவட்டத்தில் உண்டு. மூளை ஆய்வுக்குச் சென்னை ஐஐடியில் 2022இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது.

இப்படிப் பதிவு செய்யும்போது ஆசாரியைச் சோதனைப் பொருளாக நடத்தக் கூடாது. செலவிடும் நேரத்துக்கு நாள்கூலியைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பதிவின் மீது உரிமையும் அவருக்கு வேண்டும். வெளியிடும் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும். தந்திரப் பூட்டின் உள்ளமைப்பை எவ்வளவு வெளியிடலாம் என்று முடிவு செய்வதும் அந்த ஆசாரியின் உரிமையே. அவர் செய்த பூட்டுகள் இன்றும் பல கதவுகளில் தொங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அவர் கொடுத்த வாக்கு முடிந்துபோகவில்லை.